புதருக்குள் பறவை: குச்சிக்கும் இலைக்கும் நடுவே படமெடுப்பது எப்படி

புதருக்குள் தாவித் திரியும் தையல்சிட்டைக் கண் சட்டென்று பிரித்துக் காட்டிவிடுகிறது. இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் எது முன்னால், எது பின்னால் என்று தெரிகிறது. பறவை அசைகிறது, குச்சி அசைவதில்லை. போதாததற்கு, பறவையைக் கண்டுகொண்ட மூளை சுற்றியிருப்பதைக் கவனிப்பதையே விட்டுவிடுகிறது. கேமராவுக்கு ஒற்றைக் கண். அது எடுத்த படமும் அசையாது. நேரில் அவ்வளவு தெளிவாக இருந்த பறவை, கணினித் திரையில் பார்க்கும்போது குச்சிக் குவியலில் காணாமல் போவது இதனால்தான்.

இதற்கு மருந்தாகப் பலரும் முதலில் தேடுவது பெரிய லென்ஸை. பெரிய லென்ஸ் உதவும், மறுக்கவில்லை. ஆனால் எங்கே நிற்கிறோம், கேமராவை எந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்ற இரண்டும் சரியாக அமையாவிட்டால் அந்த லென்ஸ் குச்சிகளையும் சேர்த்துத்தான் பெரிதாக்கித் தரும். பறவையைக் கண்டதும் அதன் பின்னால் என்ன இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பின்னணி எவ்வளவு கரையும்: ஒரு சின்னக் கணக்கு

லென்ஸின் குவியத்தூரத்தை (லென்ஸின் மேல் மிமீயில் எழுதியிருக்கும் எண்) எஃப் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். எஃப் எண் என்பது லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதன் அளவு; எண் சிறிதானால் துளை பெரிது. 400 மிமீ லென்ஸை எஃப்/5.6இல் வைத்தால் சுமார் 71 மிமீ. ஒளி நுழையும் வாயின் விட்டம் இது. பறவைக்குப் பின்னால் வெகு தொலைவில் இருக்கும் ஓர் ஒளிப்புள்ளி, பறவையின் அளவோடு வைத்துப் பார்த்தால் 71 மிமீ அகலமுள்ள வட்டமாக விரியும். அந்த லென்ஸால் முடிந்தது அவ்வளவுதான்.

பின்னணி பக்கத்தில் இருந்தால் இந்த விரிவு குறையும். பறவைக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள தூரத்தை, கேமராவிலிருந்து பின்னணி வரை உள்ள தூரத்தால் வகுத்து, 71ஆல் பெருக்குங்கள். பறவை 10 மீட்டரில் இருக்கிறது. அதற்கு 1 மீட்டர் பின்னால் ஒரு குச்சி. 11இல் 1 பங்கு, அதாவது ஆறரை மிமீ விரிவு. பென்சில் தடிமனுள்ள குச்சி இதில் ஓரம் மங்கலான குச்சியாகவே நிற்கும். கரைந்தும் கரையாமலும் கிடக்கும் இந்த நிலைதான் கண்ணை அதிகம் உறுத்துவது. அதே குச்சி பறவைக்கு 10 மீட்டர் பின்னால் இருந்தால் 20இல் 10 பங்கு, 35 மிமீ. குச்சி இருந்த சுவடே தெரியாது, பச்சையோ பழுப்போ ஒரு நிறம் மட்டும் மிஞ்சும்.

இனி நீங்கள் 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு நெருங்கினால், 1 மீட்டர் பின்னால் உள்ள குச்சிக்கு 6இல் 1 பங்கு, கிட்டத்தட்ட 12 மிமீ. தூரத்தைப் பாதியாக்கினால் கரைசல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பறவைக்குப் பின்னால் 10 மீட்டர் வெற்றிடம் கிடைத்தாலோ ஐந்து மடங்குக்கு மேல். நெருங்கினால் பறவை பறந்துவிடும் அபாயம் உண்டு. பின்னால் வெற்றிடம் இருக்கும் கோணத்தைத் தேடி நாலடி நகர்வதில் அந்த அபாயம் குறைவு.

இந்தக் கணக்கிலிருந்து இன்னும் சில விஷயங்கள் கிடைக்கின்றன. 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே பொருத்தும் பெரிதாக்கி) போட்டால் 400 மிமீ எஃப்/5.6 லென்ஸ், 560 மிமீ எஃப்/8 ஆகிறது. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 70. பறவை படத்தில் பெரிதாகத் தெரியும், பின்னணியும் அதே விகிதத்தில் பெரிதாகும், பறவையோடு ஒப்பிட்டால் கரைசல் அதிகமாகாது. படத்தை வெட்டிப் பெரிதாக்குவதும் அப்படித்தான். 70–300 லென்ஸை 300 மிமீ வரை நீட்டி எஃப்/5.6 என்றால் சுமார் 53 மிமீ. 150–600 லென்ஸில் 600 மிமீ எஃப்/6.3 என்றால் 95 மிமீ. 600 மிமீ எஃப்/4 என்றால் 150 மிமீ. லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமராக்களில் ‘1000 மிமீக்கு இணை’ என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். 36×24 மிமீ சென்சார் (ஒளியைப் பதியும் தகடு) உள்ள முழுச்சட்டகக் கேமராவுக்குச் சொன்ன எண் அது. விரல்நகம் அளவே உள்ள சென்சாருக்கு உண்மையான குவியத்தூரம் 180 மிமீ அளவில்தான் இருக்கும், ஒளி நுழையும் வாயும் 30 மிமீயைத் தாண்டாது. அப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்கள் பின்னணித் தூரத்துக்கு இரண்டு மடங்கு கவலைப்பட வேண்டும். ஆனால் வெற்றிடம் அமைந்துவிட்டால் அதிலும் சுத்தமான படம் கிடைக்கும்.

குவிந்து தெரியும் ஆழத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழுச்சட்டகக் கேமராவில் 400 மிமீ, எஃப்/5.6, பறவை 10 மீட்டரில் என்றால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 20 செமீ அளவுக்குத் தெளிவாக இருக்கும். 5 மீட்டரில் அது 5 செமீதான். பக்கவாட்டில் உட்கார்ந்த சிட்டு அதற்குள் அடங்கிவிடும். உங்களை நேராகப் பார்க்கும் கொக்கு அடங்காது. கண் தெளிவாக இருந்தால் வால் மங்குவது குற்றமில்லை. கண்ணும் அலகின் நுனியும் இரண்டுமே வேண்டும் என்றால் எஃப்/8க்குப் போங்கள், பின்னணி அதற்கேற்பக் கொஞ்சம் இறுகும் என்று தெரிந்தே போங்கள்.

ஓரடி நகர்வதும் முழங்காலிடுவதும்

பறவை 10 மீட்டரில், அதற்கு 2 மீட்டர் பின்னால் ஒரு கிளை, சரியாகப் பறவையின் தலையில் கொம்பு முளைத்ததுபோல். நீங்கள் பக்கவாட்டில் 30 செமீ, அதாவது ஓரடி நகர்ந்தால் அந்தக் கிளை பறவையைவிட்டு 5 செமீ விலகும். சிட்டுக்குருவியின் தலை அதைவிடச் சிறியது. ஓரடியில் கொம்பு போய்விட்டது. பறவைக்கு 2 மீட்டர் முன்னால் மறைக்கும் இலை என்றால் அதே ஓரடிக்கு ஏழரை செமீ விலகும். எனவே கிளை இடித்தால் உடனே நடக்க ஆரம்பிக்காதீர்கள். நின்ற இடத்திலேயே எடையை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றிப் பாருங்கள், தலையை ஒரு சாண் தாழ்த்திப் பாருங்கள். வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே இதைச் செய்யலாம். மூன்றுகால் தாங்கி இந்த வேலைக்கு இடைஞ்சல்; ஒற்றைக்கால் தாங்கி எவ்வளவோ தேவலாம்.

எப்படி நகர்ந்தாலும் பின்னால் சிக்கல்தான் என்றால், ஒரு பெரிய இலைத் திட்டையோ மரத்தண்டையோ பறவைக்கு நேர்ப் பின்னால் கொண்டுவாருங்கள். நாலு நிறத்தில் நாற்பது துண்டாகச் சிதறிய பின்னணியைவிட, பக்கத்திலேயே இருந்தாலும் ஒரே நிறத்தில் இருக்கும் பின்னணி மேல்.

தரைப்பறவைகளில் உயரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. 10 மீட்டரில் சேற்றில் மேயும் உப்புக்கொத்தியின் கண் தரையிலிருந்து 10 செமீ உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றபடி 1.6 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால், கேமராவிலிருந்து அதன் கண் வழியாகப் போகும் கோடு, பறவைக்குப் பின்னால் முக்கால் மீட்டருக்குள்ளேயே தரையில் முட்டிவிடும். அந்த முக்கால் மீட்டரில் உள்ள கூழாங்கல், சருகு, காய்ந்த புல் எல்லாம்தான் பின்னணி. படுத்துக்கொண்டு கேமராவை 20 செமீ உயரத்தில் வைத்தால் அதே கோடு பறவைக்கு 10 மீட்டர் பின்னால்தான் தரையைத் தொடும். அதே பறவை, அதே லென்ஸ், அதே நேரம். பின்னணி மட்டும் வேறு ஊர். முழங்காலிட்டு 80 செமீக்கு இறங்குவது அரைகுறைத் தீர்வுதான். அப்போதும் ஒன்றரை மீட்டருக்குள் கோடு தரையில் முட்டிவிடுகிறது. தரைப்பறவைக்குப் படுத்தே ஆக வேண்டும். திரையைத் திருப்பிப் பார்க்க முடிகிற கேமரா என்றால் கழுத்துவலி மிச்சம். முழங்கைக்கு அடியில் பழைய பாய்த்துண்டு ஒன்று இருக்கட்டும்.

மரத்தில் இருக்கும் பறவைக்கு இது தலைகீழ். அண்ணாந்து எடுத்தால் இலை இடுக்கெல்லாம் வெள்ளை ஓட்டைகளாக வானம் தெரியும், பறவை கருநிழலாகும். மேடு, பாறை, மாடி, சரிவின் மேல்பக்கம் என்று கிளையின் மட்டத்துக்கு ஏற முடிந்தால் ஏறுங்கள். முடியாவிட்டால் பின்னோக்கி நடங்கள். 8 மீட்டர் உயரத்தில் இருக்கும் பறவையை மரத்தடியிலிருந்து எடுப்பதைவிட 25 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் கோணம் வெகுவாகத் தாழும். பறவை சிறிதாகும், ஆனால் வயிற்றை மட்டும் காட்டும் படத்தைவிட அது மேல்.

முன்னால் மறைக்கும் இலைகள்

முன்னணிக்குக் கணக்கு வேறு மாதிரி. பறவைக்கு ஒரு மீட்டர் முன்னால் இருக்கும் குச்சி, பின்னால் இருக்கும் குச்சியைப் போலவே அரைகுறையாக மங்கி, பறவையின் மேல் ஒரு சாம்பல் கீற்றாக விழும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. உங்கள் லென்ஸுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கும் இலையோ முற்றிலும் கரைந்துவிடும்; லேசான பச்சைப் புகை மாதிரி ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே புதருக்கு வெளியே தள்ளி நின்று எட்டிப் பார்ப்பதைவிட, உங்கள் பக்கத்து இலைகளோடு லென்ஸை ஒட்டவைத்து, இடுக்கு வழியாக எடுப்பது நல்லது. ஒளிவதற்கும் இடமாகிறது. இலைமேல் வெயில் அடித்தால் அந்தப் புகை வெளிறி, படத்தின் அழுத்தத்தையே குறைத்துவிடும். நிழலில் உள்ள இலைகளுக்குப் பின்னால் உட்காருங்கள்.

மறைக்கும் கிளையை ஒடிக்கும் பழக்கம் வேண்டாம். கூடு அருகே என்றால் அறவே கூடாது. கூட்டை மறைத்திருக்கும் இலைகள்தான் குஞ்சுகளுக்கு வெயிலிலிருந்து காப்பு, காக்கையின் கண்ணிலிருந்தும் காப்பு. கூட்டுப் படத்தையே தவிர்த்துவிடுவது உத்தமம். குப்பையான பின்னணியோடு மல்லாட இன்னும் எத்தனையோ பறவைகள் இருக்கின்றன. கூவலைப் பதிவுசெய்து ஒலிபரப்பி வரவழைப்பதும் அதே வகைதான்: வேறொரு பறவை எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடும் நேரத்தை அது விரட்டுவதில் செலவழிக்கிறது.

பறவையைத் துரத்தாமல் இடத்தைப் பிடியுங்கள்

பஞ்சுருட்டான், கரிச்சான், கீச்சான், ஈப்பிடிப்பான், மீன்கொத்தி ஆகியவை ஒரே இடத்தில் உட்கார்ந்து, பாய்ந்து இரையைப் பிடித்து, மறுபடி அதே குச்சிக்குத் திரும்பும் பழக்கமுள்ளவை. கற்றுக்கொள்ள இவைதான் வாகானவை, ஏனென்றால் பறவை வருவதற்கு முன்பே பின்னணியைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தருகின்றன. அது எந்தக் குச்சிக்குத் திரும்புகிறது என்று இரண்டு மூன்று தடவை கவனியுங்கள். அது இல்லாதபோது அந்தக் குச்சியின் நுனியில் குவித்து, ஒரு படம் எடுத்து, திரையில் பின்னணியை மட்டும் பாருங்கள். வெள்ளைப் பொட்டு, குறுக்குக் கோடு, வானத்தின் விளிம்பு ஏதாவது இருந்தால் இடம் மாறி மறுபடி எடுத்துப் பாருங்கள். பறவை வந்து உட்காரும்போது நீங்கள் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது ஒன்றுதான்.

வேலியில் மேயும் தையல்சிட்டு, தவிட்டுக்குருவி போன்றவை இப்படிக் காத்திருக்கவிடாது. அவற்றின் போக்கு ஒரு திசையில் இருக்கும். வேலியின் இடதுகோடியில் நுழைந்தால் இலைக்குள்ளேயே நகர்ந்து வலப்பக்கம் வெளிவரும். பின்தொடர்ந்தால் கிடைப்பதெல்லாம் வாலும் இலையும். இப்படிச் செய்யலாம்: அது போகும் திசையில் ஐந்தாறு மீட்டர் முந்திப் போய், வேலியில் இலை விலகி ஒரு ஜன்னல்போல் திறந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் வேலி முடிந்து வெட்டவெளியாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அதற்கு நேராக 5 மீட்டரில் உட்காருங்கள். ஜன்னலின் ஓரக் குச்சியில் குவித்து வையுங்கள். 1/1250 விநாடி, லென்ஸ் தரும் முழுத் துளை, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறனைக் கேமராவே வைத்துக்கொள்ளும் முறை), தொடர் படப்பிடிப்பு. சத்தம் நெருங்கும்போது கேமராவை உயர்த்தாதீர்கள். ஏற்கெனவே கண்ணருகில் இருக்கட்டும். பறவை ஜன்னலில் நிற்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு விநாடிதான். வராமலும் போகும். வந்தால் அந்த ஒரு படம் பின்தொடர்ந்து எடுத்த நூறு படத்துக்குச் சமம்.

நெருங்கத்தான் வேண்டுமென்றால் நேர்கோட்டில் போகாமல், எங்கோ போகிறவர் மாதிரிச் சாய்வாகப் போங்கள், உடம்பைத் தாழ்த்தி, இடையிடையே நின்று. மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டுவது, இறகை உடம்போடு ஒட்டி ஒல்லியாவது, எச்சமிடுவது, எச்சரிக்கைக் குரல் கொடுப்பது இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நின்றுவிடுங்கள். அது மறுபடி மேயத் தொடங்கும்வரை நகர வேண்டாம்.

குவிப்பு எங்கே ஏமாற்றுகிறது

ஆட்டோஃபோகஸ் தேடுவது அழுத்தமான கோடுகளை. புதரில் மிக அழுத்தமான கோடு பறவையாக இருப்பதில்லை; முன்னால் வெயில் பட்ட குச்சியாகவோ, பின்னால் வானத்தை வெட்டும் கிளையாகவோ இருக்கும். பரந்த குவிப்புப் பரப்பை வைத்தால் கேமரா அதையே பிடிக்கும்.

பறவையின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள கேமரா என்றால் அதைப் போட்டு வையுங்கள். முகம் முழுதாகத் தெரியும்வரை நன்றாகவே வேலை செய்யும். முகத்தின் குறுக்கே ஒரு புல் வந்ததும் தடுமாறும். அந்த நேரத்துக்காக, ஒரே சிறிய புள்ளியில் குவிக்கும் முறையை ஒரு தனிப் பொத்தானில் வைத்துக்கொள்ளுங்கள். புள்ளியைக் கண்ணில் வைக்க முடியாவிட்டால் கண்ணிருக்கும் அதே தூரத்தில் உள்ள கழுத்திலோ தோளிலோ வையுங்கள். மார்பில் வைத்தால், நேராகப் பார்க்கும் பறவையில் கண் பின்னுக்குப் போய் மங்கிவிடும்.

குவிப்பைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றி, ஷட்டர் பொத்தானைப் படமெடுக்க மட்டும் விட்டுவிடுவது புதர் வேலைக்குப் பெரிய நிம்மதி. ஒருமுறை சரியாகக் குவிந்ததும் கட்டைவிரலை எடுத்துவிட்டால், காற்றில் ஆடும் இலை குறுக்கே வந்தாலும் கேமரா மறுபடி தேடி அலையாது.

கேமரா பின்னணியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் இருக்கும் பறவையைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது அடிக்கடி நடப்பது. பறவை அந்த அளவுக்கு மங்கிவிட்டதால் அங்கே கோடு எதுவும் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை. எத்தனை தடவை அழுத்தினாலும் பயனில்லை. கேமராவைத் தாழ்த்தி, பறவையைவிடக் கிட்டத்தில் இருக்கும் தரையிலோ செடியிலோ ஒருமுறை குவித்துவிட்டு மறுபடி பறவைக்கு வாருங்கள். கிட்டத்திலிருந்து வெளிநோக்கி வரும்போது முதலில் பறவையைத்தான் சந்திக்கும். லென்ஸில் கையால் திருப்பும் வளையம் எப்போதும் இயங்குகிற வகை என்றால் இன்னும் சுலபம், வளையத்தை ஒரு திருப்பு திருப்பிப் பறவையின் உருவம் தெரிந்ததும் பொத்தானை அழுத்துங்கள். குவிப்பு எல்லையைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், தேடும் நேரம் குறையும்.

ஷட்டர் வேகம்: அசையாமல் உட்கார்ந்த பறவைக்கு 1/500, துறுதுறுவென்று இருப்பதற்கு 1/1250 அல்லது அதற்கு மேல், பறப்பதற்கு 1/2000க்குக் குறையாமல். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறட்டும். குருணை (ஐஎஸ்ஓ ஏறும்போது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) தெரியும் தெளிவான படத்தைச் சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தை எதுவும் செய்ய முடியாது. ஐந்தாறு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள்: காற்றில் ஒரு இலை விலகும் நொடி, தலை திரும்பிக் கண்ணில் ஒளிப்பொட்டு விழும் நொடி இரண்டையும் விரல் கணித்துப் பிடிக்காது.

வெளிச்சத்தால் பிரிப்பது

தூரத்தால் பிரிக்க முடியாதபோது வெளிச்சத்தால் பிரிக்கலாம். பறவைமேல் வெயில், அதன் பின்னால் அடர்ந்த மரத்தின் நிழல்: இரண்டுக்கும் மூன்று ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; மூன்று என்றால் எட்டு மடங்கு) இருந்தால் போதும், பறவைக்குச் சரியாக வெளிச்சம் வைத்த படத்தில் பின்னணிக் குச்சிகள் கிட்டத்தட்டக் கறுப்பில் மூழ்கிவிடும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்போது, எதிரே எந்தத் தோப்பின் உட்பகுதி இன்னும் இருட்டாக இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிதான் காத்திருக்க வேண்டிய குச்சி.

இங்கே கேமராவின் ஒளிமானி தவறு செய்யும். படத்தில் பெரும்பகுதி இருட்டு என்பதால் எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். கொக்கின் வெள்ளை இறகு வெளுத்துக் கோடே இல்லாமல் போகும். வெள்ளைப் பறவைக்கு, கேமரா வைக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில் −1 முதல் −1.7 ஸ்டாப் வரை குறையுங்கள். இலை இடுக்கில் வானம் பளிச்சிடும் இடத்தில் கரிச்சான் உட்கார்ந்திருந்தால் +1 முதல் +2 வரை கூட்ட வேண்டிவரும். வெயில் நிலையாக இருந்தால் எல்லாவற்றையும் கையால் வைத்துவிடுவது மேல். பறவைமேல் விழும் வெயில் மாறாதவரை, பின்னால் இருட்டு வந்தாலும் வானம் வந்தாலும் அளவு அதேதான். மிகை வெளிச்ச எச்சரிக்கை மினுமினுப்பைப் போட்டு வைத்து, இறகில் அது மின்னாத அளவுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உச்சிவெயிலில் இலைகளுக்கு ஊடே விழும் பொட்டுப் பொட்டான வெளிச்சத்தில் எதுவும் சரிவராது. பறவைமேலும் பொட்டு, பின்னணியிலும் பொட்டு. அடர்காட்டில் மேகமூட்டமே நல்ல வெளிச்சம்.

பறக்கும்போது

வானத்தில் பறக்கும் பறவையை எடுப்பது சுலபம். மரங்களுக்கு முன்னால் பறக்கும்போதுதான் குவிப்பு மரத்துக்குத் தாவும். பின்தொடரும் உணர்திறன் என்று மெனுவில் இருப்பதை, குறுக்கே வருவதைக் கண்டுகொள்ளாத பக்கம் நகர்த்தி வையுங்கள். வானத்திலோ தண்ணீருக்கு மேலோ இருக்கும்போதே பிடித்துக்கொண்டு, மரத்தின் முன் வரும்வரை விடாமல் தொடருங்கள். மரத்தின் முன்னால் வைத்தே முதலில் பிடிக்க முயன்றால் பெரும்பாலும் தோல்விதான்.

பின்னணி தீராத குப்பை என்றால் வேறொரு வழி இருக்கிறது. ஷட்டரை 1/60 அல்லது 1/100க்கு இறக்கி, உங்களுக்குக் குறுக்காகப் பறக்கும் பறவையோடு கேமராவையும் அதே வேகத்தில் திருப்புங்கள். மரங்கள் எல்லாம் கிடைக்கோடுகளாக இழுபடும், தலை மட்டும் தெளிவாக நிற்கும். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், எடுத்து முடித்த பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. நடுக்கம் குறைக்கும் வசதியில் இதற்கென்று உள்ள நிலையைத் தேர்ந்தெடுங்கள். கொக்கு, நாரை போன்று மெல்லச் சிறகடிப்பவற்றில் தொடங்கினால் சீக்கிரம் கை பழகும். பத்துக்கு ஒன்பது வீணாகும், அது இந்த முறையின் இயல்பு.

குப்பையை விட்டுவைக்க வேண்டிய இடங்கள்

சருகில் படுத்திருக்கும் பக்கி, நாணலுக்குள் கழுத்தை நீட்டி நாணலாகவே நிற்கும் குருகு, பொந்தில் எட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தை: இவற்றின் பின்னணியைக் கரைத்தால் படத்தின் விஷயமே போய்விடும். இங்கே எஃப்/8, எஃப்/11 என்று துளையைக் குறையுங்கள். பறவையைச் சட்டகத்தில் ஐந்தில் ஒரு பங்காகவோ இன்னும் சிறிதாகவோ வையுங்கள். கண் மட்டும் எந்தக் குச்சியாலும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். சட்டகத்தின் நாலு ஓரத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஓரத்தில் இருக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு நடுவில் இருக்கும் பத்துக் குச்சியைவிட அதிகமாகக் கண்ணை இழுக்கும். கோடுகளுக்கு ஒரு ஒழுங்கு இருந்தால், எல்லா நாணலும் செங்குத்தாக, பறவை மட்டும் சாய்வாக என்றால், அது குப்பையே இல்லை, கோலம்.

வெளியே போகுமுன் ஒரு பயிற்சி

சிட்டு அளவுள்ள ஒரு துணிப்பந்தைக் குச்சி நுனியில் கட்டி, ஒரு புதருக்கு 1 மீட்டர் முன்னால் நடுங்கள். 10 மீட்டரிலிருந்து ஒரு படம், 5 மீட்டரிலிருந்து ஒரு படம். பிறகு குச்சியை மட்டும் பிடுங்கிப் புதரிலிருந்து 3 மீட்டர், 10 மீட்டர் தள்ளி நட்டு அதே இரண்டு தூரத்திலிருந்து எடுங்கள். கடைசியாகப் பந்தைத் தரையில் வைத்து நின்று, முழங்காலிட்டு, படுத்து மூன்று படம். ஒன்பதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் லென்ஸுக்கு எத்தனை மீட்டர் வெற்றிடம் தேவை என்பது கண்ணில் பதிந்துவிடும். ஜூம் லென்ஸ்கள் சிலவற்றில் 30, 40 செமீ பின்னால் உள்ள புற்கள் இரட்டைக் கோடாக மங்கும். உங்களுடையது அந்த ரகமா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். அந்த ரகம் என்றால் புல்வெளியில் எப்போதும் தாழ்ந்தே எடுங்கள்.

கணினியில்

ரா கோப்பாகவே (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுத்திருக்க வேண்டும். முதலில் குருணை நீக்கம். பிறகு பறவையைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வைத் தலைகீழாக்கினால் பின்னணி கிடைக்கும். அதில் மிகைவெளிச்சத்தை −30 அளவுக்கு, நுண்விவரத்தை −15 அளவுக்கு, பச்சை மஞ்சள் நிறங்களின் செறிவைக் கொஞ்சம், அவ்வளவுதான் குறைக்க வேண்டும். ஓரங்களில் உள்ள வெள்ளைப் பொட்டுகளைத் தனித்தனியாக அரை ஸ்டாப் மங்கவையுங்கள். இதற்கு மேல் போனால் இறகின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம்போல் ஒரு கோடு தோன்றும். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி முதுகின் விளிம்பையும் வாலையும் பாருங்கள்.

மென்பொருளால் பின்னணியை மங்கவைக்கும் கருவிகளில் பொதுவாகச் சிக்குவது பறவை உட்கார்ந்திருக்கும் குச்சி. பறவையின் காலருகே அது தெளிவாகவும், விலக விலக மெல்ல மங்கலாகவும் இருப்பதுதான் இயல்பு. கருவி குச்சி முழுவதையும் பின்னணியாக எடுத்துக்கொண்டு மங்கவைத்துவிட்டால் பறவை காற்றில் மிதக்கும். குச்சியையும் கையால் தேர்வுக்குள் சேர்த்துவிடுங்கள். போட்டிக்கு அனுப்புகிற படம் என்றால் குச்சியை அழிப்பதற்கும் செயற்கையாக மங்கவைப்பதற்கும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள். பல இயற்கைப் படப் போட்டிகளில் இரண்டுக்கும் அனுமதி இல்லை, தேர்வானவர்களிடம் ரா கோப்பையும் கேட்பார்கள்.